தோள் கொடுத்தவர்

115ஆம் நம்பர் பஸ் ஈஸ்ட் ஹாமில் கிளம்பி பார்க்கிங் ரோடு வழியாக ஆல்ட்கேட் பக்கம் போகும். ஏறிக் கொஞ்ச நேரத்தில், கிரீன் ஸ்ட்ரீட் வந்து சேரும் முக்கில், வெண்கலத்தில் நாலு பேர் தெரிவார்கள். சரியாகச் சொன்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவர் இரண்டு பேர் தோள்மீது உட்கார்ந்து கையில் எதையோ தூக்கிப் பிடித்திருக்கிறார். லண்டனுக்கு வந்த புதிதில், மழை வழியும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து, ஏதோ போர் நினைவுச்சின்னம் என்றே நினைத்திருந்தேன். இந்த ஊரில் முக்குக்கு முக்கு அதுதானே இருக்கிறது. காயம்பட்ட சிப்பாயை நண்பர்கள் தூக்கிப் போகிறார்கள் போல என்று நானே ஒரு கதையும் கட்டி வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை கிரீன் ஸ்ட்ரீட்டுக்குக் காய்கறி வாங்கப் போனபோதுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சிப்பாய் அரை டவுசர் போட்டிருந்தார். கையில் இருந்தது கோப்பை.

1966 ஜூலை 30, வெம்ப்ளி. இங்கிலாந்து கூடுதல் நேரத்தில் மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்று உலகக் கோப்பையை வாங்கிய நாள். அன்று எடுத்த புகைப்படம் ஒன்றைப் பார்த்து பிலிப் ஜாக்சன் என்ற சிற்பி செய்தது இது. 2003இல் திறந்தார்கள். மேலே உட்கார்ந்திருப்பவர் அணித்தலைவர் பாபி மூர். தாங்கிப் பிடித்திருப்பவர்களில் ஒருவர் ஜெஃப் ஹர்ஸ்ட், அன்று மூன்று கோல் போட்டவர். பக்கத்தில் நிற்பவர் மீதி ஒரு கோலுக்குச் சொந்தக்காரரான மார்ட்டின் பீட்டர்ஸ். மூவரும் வெஸ்ட் ஹாம் கிளப் ஆட்கள். கிளப்பின் பழைய மைதானம் அந்த முக்கிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. 2016இல் கிளப் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு இடம் மாறியது. மைதானத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். சிலை மட்டும் அங்கேயே நிற்கிறது.

நாலாவது ஆள் ரே வில்சன். அவர் வெஸ்ட் ஹாமே இல்லை, லிவர்பூல் நகரத்து எவர்ட்டன் கிளப்புக்கு ஆடியவர். கிழக்கு லண்டனில் அவருக்கு எந்த வேலையும் கிடையாது. அந்த நொடியில் மூருக்குத் தோள் கொடுத்திருந்தார், படத்தில் விழுந்துவிட்டார், அதனால் சிலையிலும் இருக்கிறார். புகைப்படத்தைப் பார்த்தால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள், அவர் முகம் மட்டும் பாரத்தில் கோணியிருக்கிறது.

அந்த முகம்தான் எனக்குப் பிடித்துப்போனது. அன்று இரவு நாலு பேரும் அப்புறம் என்ன ஆனார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

மூரின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. உலகக் கோப்பை வென்ற கேப்டன். பெலேயே மதித்த தடுப்பாட்டக்காரர். ஆட்டத்தை விட்டபின் ஆக்ஸ்ஃபோர்டு சிட்டி, சவுத்எண்ட் என்று சின்ன அணிகளுக்கு மேலாளராக இருந்தார், எடுபடவில்லை. வியாபாரங்கள் கையைக் கடித்தன. 'சண்டே ஸ்போர்ட்' என்று கவர்ச்சிப் படங்களை நம்பி ஓடிய ஒரு பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்துக்குப் பெயர் கொடுத்தார். கடைசியில் ரேடியோ வர்ணனை. 1993 பிப்ரவரியில் தனக்குக் குடல் புற்றுநோய் என்று வெளியே சொன்னார். மூன்று நாள் கழித்து வெம்ப்ளியில் இங்கிலாந்து ஆட்டத்துக்கு வர்ணனை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் இறந்துவிட்டார். வயது 51. சர் பட்டம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்கவில்லை. புது வெம்ப்ளி வாசலில் மட்டும் 2007இல் ஆளுயரத்தைத் தாண்டிய சிலை வைத்தது. சிலைக்கு மாதச் சம்பளம் இல்லையே.

சரி, மற்ற இருவர்? இங்கேதான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹர்ஸ்ட்டும் பீட்டர்ஸும் இன்ஷூரன்ஸ் வேலைக்குப் போனார்கள். அதுவும் ஒரே நிறுவனத்தில்.

எங்கப்பா எல்.ஐ.சி. ஏஜெண்ட். அதனால் அந்த வேலையின் வாசனை எனக்குத் தெரியும். ரெக்ஸின் பை, அதற்குள் பிரீமியம் அட்டவணை, மார்ச் மாதம் வந்தால் ஊரில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்குவது. "வாங்க சார்" என்று சொல்லும் வீட்டிலும் அடுத்த நிமிடம் உள்ளே டி.வி. சத்தம் குறைவது கேட்கும், வீட்டுக்காரர் எங்கே என்றால் வெளியூர் போயிருப்பார். அப்பாவுக்கு இருந்த ஒரே ஆயுதம் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தது. ஹர்ஸ்ட்டுக்கோ நிலைமை தலைகீழ். எதிரில் இருப்பவருக்கெல்லாம் அவர் பெயர் தெரியும். ஆண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மூன்று கோல் அடித்த ஒரே ஆள் என்ற பெருமையை 2022இல் பிரான்சின் எம்பாப்பே வரும்வரை 56 வருடம் தனியாக வைத்திருந்தவர் அவர். அப்படிப்பட்டவர் வந்து உட்கார்ந்து கார் பழுதுக்கான காப்பீடு பற்றிப் பேசினால் எப்படி இருந்திருக்கும்? முதல் கால் மணி நேரம் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்ற பஞ்சாயத்திலேயே போயிருக்கும். அவர் போட்ட இரண்டாவது கோல், அதாவது அணிக்கு மூன்றாவது, குறுக்குக் கம்பியில் பட்டுக் கீழே விழுந்தது. அது கோலா என்று ஜெர்மானியர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

ஹர்ஸ்ட் நேராக அங்கே போய்விடவில்லை. செல்சி அணிக்கு மேலாளராக இருந்து 1981இல் வேலை போனது. பிறகு குவைத்தில் ஒரு கிளப். அதன்பின்தான் இன்ஷூரன்ஸ். பீட்டர்ஸ் 1984இல் சேர்ந்து 2001இல் ஆட்குறைப்பு நடக்கும்வரை அங்கேயே இருந்தார். பதினேழு வருடம். பீட்டர்ஸைப் பற்றி அன்றைய பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சே, தன் காலத்துக்குப் பத்து வருடம் முந்தியவர் என்று சொன்னது பிரபலம். இறுதியாட்டத்தில் 78ஆவது நிமிடத்தில் இங்கிலாந்தை 2-1 என்று முன்னுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ஜெர்மனியின் வெபர் 89ஆவது நிமிடத்தில் சமன் செய்யாமல் இருந்திருந்தால், கூடுதல் நேரமே கிடையாது, கம்பிப் பஞ்சாயத்து கிடையாது, ஹர்ஸ்ட்டின் மூன்று கோல் கிடையாது. இங்கிலாந்தில் இன்றுவரை எல்லோர் வாயிலும் பீட்டர்ஸ் பெயர்தான் இருந்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி, ஒரே ஆபீஸில் வேலை பார்த்த இருவரும் மதியச் சாப்பாட்டின்போது எப்போதாவது பேசிக்கொண்டிருப்பார்களா என்று யோசித்தேன். பேசியிருக்க மாட்டார்கள். விற்பனை இலக்கைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

இன்றைய ஆட்டக்காரர்களின் வாரச் சம்பளத்தைப் பார்த்துவிட்டு இதைப் படித்தால் புரியாது. இங்கிலாந்தில் 1961 ஜனவரி வரை ஒரு கால்பந்து வீரருக்கு வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. சங்கம் வைத்து, வேலைநிறுத்தம் என்று மிரட்டித்தான் அதை உடைத்தார்கள். 1966 அணி அந்த உச்சவரம்பின் நிழலில் வளர்ந்த அணி. உலகக் கோப்பை வென்றதற்குப் பரிசாக வந்த 22,000 பவுண்டை, ஆடியவர் ஆடாதவர் என்று பார்க்காமல் 22 பேரும் ஆளுக்கு ஆயிரமாகச் சமமாய்ப் பிரித்துக்கொண்டார்கள். இறுதியாட்டத்துக்கு மறுநாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், ஹர்ஸ்ட் சொல்லும் பதில்: வீட்டுப் புல்லை வெட்டினேன், காரைக் கழுவினேன்.

அப்புறம் ரே வில்சன்.

1934இல் டர்பிஷையரில் ஷைர்புரூக் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். ஊமைப்பட நடிகர் ரமோன் நவாரோவின் நினைவாக ரமோன் என்று பெயர் வைத்தார்கள். நிலக்கரித் தூசிக்கு நடுவில் ஒரு ஹாலிவுட் பெயர். நம் ஊரில் அந்தக் காலத்துப் பிள்ளைகளில் தெருவுக்கு ஒரு ராமச்சந்திரன் இருந்த மாதிரிதான். பள்ளி முடிந்ததும் ரயில்வேயில் பயிற்சித் தொழிலாளி. இரவில் தண்டவாள வேலை, பகலில் ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் கிளப்பில் பயிற்சி. 1952இல் சேர்ந்து பன்னிரண்டு வருடம் அங்கேயே ஆடினார், இடதுபக்கத் தடுப்பில். 1964இல் எவர்ட்டன். 1966 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை, ஜூலையில் உலகக் கோப்பை. வெம்ப்ளியில் இறங்கிய பதினொருவரில் மூத்தவர், வயது 31. மொத்தம் 63 முறை நாட்டுக்காக ஆடினார். 1968இல் முழங்கால் போனது. ஓல்டம், பிறகு பிராட்ஃபோர்டு சிட்டி. 1971இல் அங்கே கொஞ்ச நாள் பொறுப்பு மேலாளராகவும் இருந்து பார்த்தார். அத்தோடு கால்பந்தை விட்டுவிட்டு ஹடர்ஸ்ஃபீல்டுக்குத் திரும்பினார்.

திரும்பி அவர் எடுத்த தொழில், இறந்தவர்களை அடக்கம் செய்து கொடுப்பது. 1997 வரை அதைச் செய்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பந்து உதைத்துச் சம்பளம் வாங்கியதைவிடச் சவப்பெட்டியோடு கழித்த வருடங்கள் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். எனக்கு இது ஒரு சுவாரசியமான செய்தி. அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "வெட்டியான் வேலைக்கா போனாரு? உலகக் கோப்பை ஜெயிச்சவரா?" என்றார். நான் உடனே, "இல்லம்மா, இங்க அது கௌரவமான தொழில், கோட்டு சூட்டெல்லாம் போட்டு…" என்று ஆரம்பித்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கே கூச்சமாக இருந்தது. கோட்டு சூட்டைக் காட்டி நான் யாரைக் காப்பாற்றப் பார்க்கிறேன்? எங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்தவர் எங்கள் தெருவுக்குள் பறை அடித்து முன்னே போகும்போது மட்டும்தான் வருவார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. பிணத்தைக் குளிப்பாட்டி, பெட்டியில் வைத்து, கடைசி வரை கூட வரும் வேலை ஹடர்ஸ்ஃபீல்டிலும் எங்கள் ஊரிலும் ஒன்றுதான். அங்கே ஓர் உலகச் சாம்பியன் அதைச் செய்துவிட்டு மாலையில் கடைத்தெருவில் சாதாரணமாக நடக்க முடிந்தது. எங்கள் ஊரில் முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மா கேட்ட இரண்டாவது கேள்வி இன்னும் நியாயமானது. "ஏன், கவர்மெண்ட்ல ஒரு வேலை போட்டுக் குடுக்கலையா?"

இந்தக் கேள்வி நம் ஊரில் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் தோன்றும். சென்னையில் கால்பந்து ஆடுகிற பையனுக்கு ஐரோப்பிய கிளப் கனவு இருக்கலாம், ஆனால் அவன் வீட்டில் இருப்பவர்களின் கனவு ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, துறைமுகம், சுங்கத்துறை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. காலையில் பயிற்சி, மதியம் கையெழுத்து, முட்டி தேய்ந்தபின் முழுநேர நாற்காலி, அறுபதில் பென்ஷன். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயன், கேரளப் போலீஸ் அணிக்கு ஆடி, இடையில் கொல்கத்தா கிளப்புகளுக்குப் போய் வந்து, சினிமாவிலும் முகம் காட்டி, கடைசியில் 2025இல் போலீஸ் அதிகாரியாகவே ஓய்வு பெற்றார். இந்த ஏற்பாடு நல்ல ஆட்டக்காரர்களை மந்தமாக்குகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுவார்கள். இருக்கலாம். 36 வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுத்து என்ன என்று நிற்பவரிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

அந்தப் பதினொருவரில் மற்றவர்களும் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு கரையேறியவர்கள்தான். ரோஜர் ஹண்ட் குடும்பத்தின் லாரி நிறுவனத்தைப் பார்த்துக்கொண்டார். ஜார்ஜ் கோஹன் வீடு கட்டி விற்றார், புற்றுநோயோடு பல வருடம் மல்லுக்கட்டினார். கோல்கீப்பர் கோர்டன் பேங்க்ஸ் 1972இல் கார் விபத்தில் ஒரு கண் பார்வையை இழந்தார். ஜாக் சார்ல்டன் ஒருவர்தான் மேலாளர் வேலையில் பெரிதாக ஜெயித்தார், அயர்லாந்தை 1990 உலகக் கோப்பைக் காலிறுதி வரை கூட்டிப்போனார்.

பதக்கங்கள் ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வந்தன. பேங்க்ஸ் 2001இல் விற்றார். வில்சனுடையது 2002இல் 80,750 பவுண்டுக்குப் போனது. நாபி ஸ்டைல்ஸின் பதக்கம் 2010இல் 1,88,200 பவுண்டு. கோப்பையோடு மைதானத்தைச் சுற்றித் துள்ளி ஆடினாரே, பல் இல்லாத வாயோடு, அவர்தான். பத்திரிகைகள் இதையெல்லாம் சோகக் கதையாக எழுதின. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் பாட்டியின் ஒட்டியாணம்தான் அத்தையின் கல்யாணம், அப்பாவின் ஸ்கூட்டர். நகை என்பது அடகுக்கடைக்குப் போவதற்காகத்தான் இருக்கிறது. மூன்று பிள்ளைகள் இருந்தால் ஒரு பதக்கத்தை எப்படிப் பிரிப்பது என்று ஸ்டைல்ஸ் யோசித்ததாகப் படித்தேன், அது எங்கள் பாட்டி பேசுகிற மாதிரியே இருந்தது.

எனக்குச் சங்கடம் தந்தது வேறு. 1966 இறுதியாட்டத்தின் முதல் கோலை ஜெர்மனிதான் போட்டது, 12ஆவது நிமிடத்தில். அதற்குக் காரணம் வில்சன். உயரமாக வந்த பந்தைத் தலையால் முட்டி வெளியே அனுப்பப் பார்த்தார், அது சரியாகப் படாமல் நேராக ஹாலர் காலடியில் விழுந்தது. அவர் உதைத்தார், கோல். அந்தத் தொடர் முழுக்க வில்சன் பிழையே செய்யவில்லை, செய்த ஒன்றையும் உலகமே பார்த்தது. அன்று அது ஒரு தவறான தலைமுட்டு, அவ்வளவுதான். சரியாக முட்டிய ஆயிரக்கணக்கான பந்துகளை யாரும் எண்ணவில்லை.

2004இல் வில்சனுக்கு அல்சைமர் என்று தெரிந்தது. பீட்டர்ஸுக்கும் மறதி நோய். ஸ்டைல்ஸுக்கும். ஜாக் சார்ல்டனுக்கும். அவர் தம்பி பாபி சார்ல்டனுக்கும். பதினொரு பேரில் ஐந்து பேர். கிளாஸ்கோவில் வில்லி ஸ்டூவர்ட் என்ற மருத்துவரின் குழு, ஸ்காட்லாந்தில் தொழில்முறையாக ஆடிய 7,676 பேரின் இறப்புப் பதிவுகளை மற்றவர்களோடு ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டது. மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது ஆட்டக்காரர்களிடம் மூன்றரை மடங்கு. இரண்டு வருடம் கழித்து அதே குழு, ஆடிய இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தது. இந்த நோய்கள் வரும் வாய்ப்பு தடுப்பாட்டக்காரர்களிடம்தான் மிக அதிகம், சுமார் ஐந்து மடங்கு. பந்தைத் தலையால் முட்ட வேண்டிய தேவை அதிகமில்லாத கோல்கீப்பர்களுக்கு மற்ற மக்களைவிடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2020இல் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஆரம்பப்பள்ளி வயதுக் குழந்தைகளுக்குப் பயிற்சியில் தலைமுட்டு வேண்டாம் என்றார்கள். 2021-22 பருவத்திலிருந்து இங்கிலாந்தில், வேகமான தலைமுட்டுகளைப் பயிற்சியில் வாரத்துக்குப் பத்தோடு நிறுத்தச் சொல்லிப் பெரியவர்களுக்கும் வழிகாட்டுதல் வந்தது.

வில்சன் 2018 மே மாதம் இறந்தார், 83 வயது. பீட்டர்ஸ் 2019 டிசம்பரில். பாபி சார்ல்டன் 2023 அக்டோபரில் போனபின் பதினொருவரில் எஞ்சியது ஹர்ஸ்ட் மட்டும். அந்த முக்குச் சிலையிலும் அப்படித்தான்.

இதையெல்லாம் நான் படித்துக்கொண்டிருந்த அதே குளிர்காலத்தில்தான் எங்கள் தெரு அண்ணை இறந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பெட்ரோல் ஷெட்டில் இரவு வேலை பார்த்தவர். காலையில் நான் ஸ்டேஷனுக்கு ஓடும்போது அவர் வேலை முடிந்து எதிரே வருவார், கொஞ்சம் இழுத்து இழுத்து நடப்பார். "வேலைக்கோ?" என்பார். "ஆமாண்ணை" என்பேன். ஏழெட்டு வருடப் பழக்கத்தில் நாங்கள் பேசிக்கொண்டது அநேகமாக அவ்வளவுதான். ஒருமுறை என் வீட்டுச் சாவி தொலைந்து நின்றபோது உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். சுவரில் நல்லூர் முருகன் படம் இருந்தது. வேறு எதையும் நான் கவனித்துப் பார்க்கவில்லை.

லண்டனில் செத்தவுடன் எரித்துவிட முடியாது. காகிதங்கள் வர வேண்டும், தகன மண்டபத்தில் நேரம் கிடைக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை என்று சொன்னார்கள். மேனர் பார்க்கில் இருக்கும் சிட்டி ஆஃப் லண்டன் மயானம். இந்தப் பக்கத்துத் தமிழர்கள் நிறையப் பேர் அங்கேதான் போய்ச் சேர்கிறார்கள். பாபி மூரின் அஸ்தியும் அங்கேதான், அவருடைய அப்பா அம்மாவோடு.

முதலில் மண்டபத்தில் கிரியை. தேவாரம், சுண்ணம் இடிப்பது, பேரப்பிள்ளைகள் கையில் பந்தம், கடைசியாக வாய்க்கரிசி. ஓரமாக ஒரு வெள்ளைக்காரர் கறுப்பு நீளக் கோட்டில், தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு, ஒரு சொல் பேசாமல் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். அடக்க நிறுவனத்துக்காரர். பந்தம் எப்போது வரும், எப்போது பெண்கள் அழுதுகொண்டே பெட்டியைச் சுற்றுவார்கள் என்றெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு பாட்டி தடுமாறியபோது யாருக்கும் தெரியாமல் ஒரு நாற்காலியை நகர்த்தி அவர் பின்னால் வைத்தார். பாட்டி உட்கார்ந்துவிட்டார். தனக்குப் பின்னால் நாற்காலி எப்படி வந்தது என்று அவர் யோசித்திருக்கவே மாட்டார். நான் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரே வில்சனும் இப்படித்தான் இருபத்தாறு வருடம் மற்றவர்கள் வீட்டுத் துக்கத்தின் ஓரத்தில் நின்றிருப்பார். ஹடர்ஸ்ஃபீல்டில் எத்தனை விதவைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, எதிரே நிற்பது யார் என்று ஒரு கணம் திகைத்திருப்பார்கள்!

பெட்டியின்மேல் பூவோடு ஒரு பழைய ஜெர்ஸியையும் விரித்திருந்தார்கள். மஞ்சள் பூத்த வெள்ளை. முதுகில் கையால் தைத்த 3. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரிடம் அது என்ன என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதே? அவர் எங்கட கழகத்துக்கு லெஃப்ட் பேக் எல்லோ. அவரைத் தாண்டி ஒருத்தரும் போகேலாது தம்பி."

போனை எடுத்து ஒரு படம் காட்டினார். புல் இல்லாத மைதானம், பின்னால் பனைமரங்கள், இரண்டு வரிசை இளைஞர்கள். கப் நடுவில் வேறு யார் கையிலோ இருந்தது. அண்ணை பின்வரிசையில் கடைசி ஆள், பாதித் தோள் படத்துக்கு வெளியே. அந்த இழுத்து நடக்கும் கால், பெட்ரோல் ஷெட்டில் நின்று நின்று வந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கேட்டேன். "இல்லை, இல்லை. அது செமிஃபைனலில முறிஞ்சது" என்றார் பெரியவர், ஏதோ போன வாரம் நடந்தது மாதிரி.

பெட்டியை வண்டியிலிருந்து தகன மண்டபத்துக்குள் தூக்கிப் போக ஆறு பேர் வேண்டும் என்றார்கள். மகன், மருமகன், பழைய கழகத்து ஆட்கள் மூவர், ஆறாவதாக நான். கறுப்புக் கோட்டுக்காரர் எங்களை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். ஒரு சொல் இல்லாமல் தோளைத் தொட்டுத் தொட்டு உயரவாரியாக ஜோடி பிரித்தார். குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால். எதிரில் இருப்பவரின் தோளைக் கையால் வளைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், பெட்டி சரியாமல் இருக்க அதுதான் வழி என்றார். என்னை இடதுபக்கம் கடைசியில் நிறுத்தினார். தொப்பியை வைத்துக்கொண்டு முன்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, மெதுவாக நடக்க ஆரம்பித்தார்.

நாலடி வைப்பதற்குள் மரத்தின் விளிம்பு கழுத்தெலும்பில் அழுந்த ஆரம்பித்தது. எனக்கு எதிர்ப்பக்கம் போன் படம் காட்டிய அந்தப் பெரியவர்தான். அவர் கை என் தோளில் இருந்தது. பெட்டிக்கு அடியில் தலையைச் சாய்த்து என் முகத்தைப் பார்த்தார்.

"பாரமே தம்பி?"

"இல்லை அண்ணை" என்றேன்.